யாருக்கான முன்னெச்சரிக்கை?

கிரீன்லாந்தின் வடமேற்குக் கோடியில், வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1500 கிலோமீற்றர் தொலைவில் அமெரிக்காவின் ஏவுகணை முன்னெச்சரிக்கை ராடர் நிலையம் ஒன்று உள்ளது. தூலே என்று நீண்டகாலம் அறியப்பட்ட இத்தளத்தின் பெயர் 2023ஆம் ஆண்டு பிடுஃபிக் என மாற்றப்பட்டது. அது அவ்விடத்தின் பூர்வீகப் பெயர். உள்ளூர் மக்களைக் கௌரவிக்கும் செயல் என்று இதனைச் சிலாகிக்கிறார்கள். அம்மக்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் சற்றே பார்க்க வேண்டாமா?

1951இல் டென்மார்க்குடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் அமெரிக்கா அங்கு தளம் அமைத்தது. அந்த நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த இனுயிட் மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. 1953 மே மாதத்தில் 27 குடும்பங்கள் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டன. நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் கானாக்கில் வீடுகள் தயாராகும்வரை அவர்கள் கூடாரங்களில் கிடந்தனர். அவர்கள் விரும்பியே இடம்பெயர்ந்தனர் என்று கொப்பன்ஹேகன் பல தசாப்தங்களாகக் கூசாமல் சொல்லிவந்தது.

பின்னர் வந்ததுதான் ராடர். சோவியத் ஏவுகணைகள் புறப்பட்டால் அமெரிக்காவுக்குச் சுமார் 15 நிமிட அவகாசம் கிடைக்கும் என்பது அதன் பெருமை. 1960 ஒக்டோபர் 5ஆம் திகதி அந்த ராடர் பெரும் தாக்குதல் ஒன்று வருவதாக அறிவித்தது. வந்தது ஏவுகணை அல்ல, நோர்வேக்கு மேலாக உதித்த சந்திரன்! குருஷேவ் அவ்வேளை நியூயோர்க்கில் இருந்தார். தம் தலைவர் அங்கிருக்கையில் மொஸ்கோ அமெரிக்காவைத் தாக்குமா என்று கேட்கும் நிதானம் சில அதிகாரிகளுக்கு இருந்தது.

இதைவிட விபரீதமான இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நிலையத்துடனான தொடர்பு அறுந்தால் அது வெறும் கோளாறா, தாக்குதலா என்று எப்படி அறிவது? அதற்காக ஐதரசன் குண்டுகளைச் சுமந்த பி-52 விமானமொன்று அதன்மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. 1968 ஜனவரி 21இல் அப்படியொரு விமானம் தீப்பற்றி, நான்கு குண்டுகளுடன் தளத்துக்கு அருகே கடற்பனியில் வீழ்ந்தது. அணுவெடிப்பு நிகழவில்லை, ஆனால் புளூட்டோனியம் சிதறியது. காவலுக்குக் காவல் வைத்த கதையின் விலையை வேட்டைக்காரரின் கடல் கொடுத்தது.

தன் மண்ணில் அணுவாயுதத்துக்கு இடமில்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவந்த நாடு டென்மார்க். அதன் பிரதமர் எச்.சி. ஹான்சன் 1957இலேயே அமெரிக்காவுக்கு இரகசியமாக வழிவிட்டிருந்தமை 1995இல் அம்பலமானது.

இத்தகைய நிலையங்கள் போரைத் தடுக்கின்றன என்பார்கள். தடுக்கட்டும். அதற்கான விலையை மிகச் சிறிய சமூகமொன்றின் தலையில் கட்டியது எந்த நியாயம்? 1999இல் டென்மார்க் நீதிமன்றம் அச்சமூகத்துக்கு வழங்கிய இழப்பீடு 5 இலட்சம் குரோனர். தனிநபர்களுக்கு 15,000 அல்லது 25,000. அதே ஆண்டு பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2003இல் உச்ச நீதிமன்றம், திரும்பிச் செல்லும் உரிமையை மறுத்து, அத்தொகையே போதும் என்றது. 2006இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அவர்களது மனுவை நிராகரித்தது. வழக்கில் பிரதிவாதியாக நின்றது டென்மார்க் பிரதமர் அலுவலகம். அந்தத் தளத்தால் பயன்பெற்ற வாஷிங்டன் அந்தக் கூண்டில் ஏறவேயில்லை.