அறிவிப்பு யார் கண்ணுக்கு?

ஊராட்சி மன்றங்கள் பத்திரிகைகளில் வெளியிடும் சட்ட அறிவிப்புகளைப் படிப்பவர் சிலரே. பொடி எழுத்து, வறட்டு நடை. ஆனால் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் பாட்டாளியின் கூரை அந்தப் பொடி எழுத்தில்தான் தொங்குகிறது.

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தைப் பாருங்கள். ஒரு வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் வரையும் மன்றம், அதன் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறைந்தது இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் அறிவிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் யார் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாலும் அதைக் கேட்டாக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். இன்று ரப்பர் மரம் நிற்கும் நிலம் நாளை வீடமைப்பு நிலமாக நிறம் மாறுவது அந்த வரைபடத்தில்தான். பிறகு மேம்பாட்டாளர் வருவார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசும் வரும். அப்போது சங்கத்திடம் ஓடி வந்து என்ன பயன்? ஆட்சேபம் சொல்லும் நாள் என்றோ கடந்திருக்கும்.

அந்த இரண்டு பத்திரிகைகளில் ஒன்று தேசிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மற்றது எம்மொழி என்று சொல்லவில்லை. அது அலுவலகத்தில் இருப்போரின் விருப்பம். தமிழ் அங்கே நினைவுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

தமிழில் வெளியிடச் சட்டம் தடை என்று எவரும் சொல்ல முடியாது. 1963/67 தேசிய மொழிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பொது நலனுக்குத் தேவைப்படும்போது அரசாங்க ஆவணங்களைப் பிற சமூகத்தாரின் மொழிகளில் பெயர்த்துப் பயன்படுத்தும் உரிமையை மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு விட்டுவைத்திருக்கிறது. தேசிய மொழியை நாம் மதிக்கிறோம். நம் பிள்ளைகள் அதை நன்றாகவே படிக்கிறார்கள். பால்வெட்டி ஓய்ந்த கிழவர்களும் கிழவிகளும்தாம் தமிழன்றி வேறு படிக்க மாட்டார்கள். லயத்தில் கடைசிவரை தங்கியிருப்பவர்களும் அவர்களே.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. நகரத்தின் விளம்பரம் எந்தப் பத்திரிகைக்கு என்பதை விலை, நகருக்குள் வினியோகமாகும் பிரதிகள் முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டு முடிவு செய்வது என்று 1994-இல் வாக்காளர்களே தீர்மானித்தார்கள். அதோடு விடவில்லை. விளம்பரச் செலவில் பத்து விழுக்காட்டைத் தனியே ஒதுக்கி, சீனர், கறுப்பினத்தார், ஸ்பானிய மொழியார் போன்ற சமூகங்களின் ஏடுகளிலும் அறிவிப்புகள் வர வழி செய்தார்கள்.

அங்கே மக்கள் வாக்களித்துச் செய்தார்கள். இங்கே ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதை ஒழித்தே விட்டது. மன்ற உறுப்பினரை நியமிப்பது மாநில அரசாங்கம். தோட்டத்து மக்களின் வாக்குக்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை.

விளம்பரப் பணம் பத்திரிகைக்கு உயிர் என்பதையும் மறைக்க வேண்டாம். 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனதைப் பார்த்தோம். எந்தக் கணக்கும் இல்லாமல் கொடுக்கப்படும் விளம்பரத்தை எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்தவும் முடியும். அப்படிப்பட்ட காசை நம்பியிருக்கும் ஆசிரியர், மன்றத்தைக் கண்டித்து எழுதுமுன் இரண்டு முறை யோசிப்பார். அவரை நாம் குறை சொல்லவில்லை. அச்சுக்கூலியும் ஆட்கூலியும் மாதந்தவறாமல் கொடுக்க வேண்டியவர் அவர். ஆகவேதான் மதிப்பெண் முறை வேண்டும், கணக்கு வெளியில் தெரிய வேண்டும் என்கிறோம். தொழிற்சங்க ஏடாகிய நாம் அதில் பங்கு கேட்கவில்லை.

இணையத்தில் போட்டுவிட்டோமே என்பார்கள். போடட்டும். அதில் தமிழ் எங்கே என்பதே நம் கேள்வி.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தோட்டம் எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ, அதன் தலைவருக்கு எழுதுங்கள். கடந்த ஆண்டு சட்ட அறிவிப்புகள் எந்தெந்தப் பத்திரிகைகளில் வந்தன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கொடுக்கப்பட்டது, தமிழ் ஏட்டில் எத்தனை வந்தன என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நமக்குத் தெரிவியுங்கள். மன்றத்தின் பெயரோடு இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.