வல்லரசுச் சந்தையில் தமிழன் விலை என்ன?

விழுப்புரத்தினின்று புதுச்சேரிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் கோலியனூர். செஞ்சிக் கோட்டைக்கும் புதுவைக் கடற்கரைக்கும் இடைப்பட்ட இந்நிலம், பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டு அயல் வல்லரசுகளின் போர்க்களமாய்க் கிடந்தது. இதனை இற்றைத் தமிழ் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்?

ஐரோப்பாவில் ஆசுத்திரிய அரசுரிமைக்காக மூண்ட போர், 1746-இல் தமிழகக் கரையைத் தொட்டது. பிரெஞ்சியர் சென்னையைக் கவர்ந்தனர். 1748-இல் எழுந்த உடன்படிக்கை அதனை மீண்டும் ஆங்கிலேயர்க்கே அளித்தது. எதற்கு ஈடாக? வட அமெரிக்காவிலிருந்த உலூயிபர்க்குக் கோட்டைக்கு ஈடாக! சென்னையில் வாழ்ந்த தமிழரை ஒருசொல் கேட்டார் எவருமிலர்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமதலியும் மோதினர். முன்னவர்க்குப் பிரெஞ்சியரும் பின்னவர்க்கு ஆங்கிலேயரும் துணைநின்றனர். 1750-இல் புசி செஞ்சியைப் பிடித்தார். 1760 சனவரி 22-இல் வந்தவாசியில் லாலியை அயர் கூட்டு வென்றார். 1761 சனவரியில் புதுவையும் ஏப்பிரலில் செஞ்சியும் வீழ்ந்தன.

வென்ற தரப்பின் நண்பரான முகமதலி பெற்றதென்ன? தீராக் கடன்! தமிழ் உழவன் விளைத்த வயல்களின் வரி வருவாய், கடன் கொடுத்த வெள்ளையர்க்கு ஈடாக எழுதித் தரப்பட்டது. இறுதியில், 1801-இல், அவர் வழியினரின் ஆட்சியையே ஆங்கில வணிகக்குழு எடுத்துக்கொண்டது. துணைவனாய் வந்தவன் தலைவனாய் அமர்ந்தான்.

இது பழங்கதையன்று. அமெரிக்க, சோவியத்துப் பனிப்போர் 1991-இல் ஓய்ந்தது. வல்லரசுப் போட்டி ஓயவில்லை. இந்தியப் பெருங்கடலில் இந்தியாவும் சீனமும் இன்று எதிரெதிர் நிற்கின்றன. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது. திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளுக்கு 2022-இல் இந்தியத் தரப்பு ஒப்பந்தம் முடித்தது.

இப்போட்டியால் ஏதேனுமொரு வல்லரசு தமிழர் பக்கம் சாயும் என நம்புவாரும் உளர். அவர்கள் 2009 மே 27-ஐ நினைவிற் கொள்க. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாளும் ஆகவில்லை. செனீவாவில் மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சார்பான தீர்மானத்தை 29 நாடுகள் ஏற்றன. அவற்றுள் இந்தியாவும் இருந்தது, சீனமும் இருந்தது, உருசியாவும் இருந்தது. தம்முள் பகைத்தவை, தமிழன் பிணத்தின்மேல் ஒன்றாய்க் கைதூக்கின!

வல்லரசுகளோடு பேசவே வேண்டா என்பதன்று கருத்து. கைம்முதலின்றிச் சந்தைக்குச் செல்பவன் தானே பண்டமாவான். தமிழனின் கைம்முதல் ஒற்றுமை. தன் வரலாற்றைத் தானே எழுதிக் காக்கும் விழிப்பு. உலக மன்றங்களில் ஒரே குரலாய் உரிமை கேட்கும் துணிவு. அவற்றை முதலில் ஈட்டுக! செஞ்சிக் கோட்டையைச் சுற்றுலாவாகக் காணும் தமிழ்ப் பிள்ளைகட்கு, அங்குப் பறந்து மாறிய கொடிகளின் வரலாற்றையும் ஆசிரியர்கள் உரைப்பாராக!