கலங்கிய தண்ணீர் தெளிவது எப்படி?

காவிரியின் புது வெள்ளம் கடைசியாக எட்டிப் பார்ப்பது கடலோரத்தை. காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடி மாதிரி ஊர்களுக்கு அது வருவதற்குள் வழி நெடுகிலும் உள்ள மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்துவிடும். குழாய் இல்லாத அந்த நாளில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள், தெரியுமா? மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து, அதில் தண்ணீரை ஊற்றி வைத்தார்கள். மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகையிலேயே இந்தச் சங்கதி வருகிறது என்றால், எவ்வளவு பழைய வித்தை பாருங்கள்!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தேனுக்கு இருப்பதைப் போலத் தண்ணீருக்கும் ஒரு பிசுக்கு உண்டு, மிகக் கொஞ்சம்தான். ஆனால் நுண்ணிய துகளுக்கு அதுவே பெரிய தடை. ஒரு மில்லிமீட்டரில் 1000-ல் ஒரு பங்கே உள்ள களிமண் துகள், அசையாத தண்ணீரில் ஒரு சாண் இறங்க ஏறக்குறைய 3 நாள் பிடிக்கும். போதாததற்கு, எல்லாத் துகள்களிலும் ஒரே இன மின்சாரம். ஆகவே, மனஸ்தாபம் கொண்ட ஓரகத்திகளைப் போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும்!

அவற்றைச் சேர்த்து வைத்தால் போதும். 10 மடங்கு பருத்த துகள் 100 மடங்கு வேகமாக இறங்கும் என்பது கணக்கு. கஞ்சியைக் கொழகொழப்பாக்கும் மாவில் இருப்பதைப் போலத் தேற்றாங்கொட்டையிலும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உண்டு. ஒரே சங்கிலி பல துகள்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. படிகாரமோ துகள்களின் மின்சாரத்தையே அடக்கிப் பகையைத் தீர்த்துவிடுகிறது.

உப்பும் இந்தச் சமரசத்தைச் செய்யும். காரைக்காலில் அரசலாறு கடலைத் தொடும்போது, அத்தனை தூரம் மிதந்து வந்த வண்டல் உப்பு நீரில் திரண்டு படிகிறது. காவிரிக் கழிமுகம் வளர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் அல்ல. கிருமிகளில் ஒரு பகுதிதான் மண்ணோடு அடியில் போகும். காலராவும் டைபாய்டும் பளிங்கு போன்ற தண்ணீரிலும் ஒளிந்திருக்கலாம். புயல், வெள்ள நாட்களில் தண்ணீரைத் தெளியவைத்து, மேல்நீரை இறுத்து, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு ஆற வைத்துக் கொடுங்கள். தேற்றாங்கொட்டை கண்ணுக்குத்தான் திருப்தி தரும். குழந்தையின் வயிற்றுக்கு அடுப்புதான் காவல்!