சர்டிஃபிகேட் ரெடி... சேர்ல உட்கார ஆள் ரெடியா?

கேம்பஸ் டு கேரியர்



பியூட்டீஷியன் கோர்ஸ் முடிச்சாச்சு. சர்டிஃபிகேட்டை லேமினேட் பண்ணி ஹால்ல மாட்டியாச்சு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டு ஹார்ட் மேல ஹார்ட்டா வாங்கியாச்சு. ரைட்டு... அடுத்து என்ன?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான தோழிகள் (பசங்களும்தான்!) சொல்ற பதில் ஒண்ணே ஒண்ணு. ‘பிரைடல் மேக்கப் ஆர்ட்டிஸ்ட் ஆகப் போறேன்!’ ஆசை தப்பே இல்லை. ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்.

அமெரிக்காவில் ஒருத்தர் தலையில் கத்திரிக்கோல் வைக்கணும்னா, அந்தந்த மாநில அரசு கொடுக்கிற லைசென்ஸ் வேணும். இத்தனை மணி நேரம் பயிற்சி, அதுக்கப்புறம் பரீட்சை. கலிஃபோர்னியாவில் 1,600 மணி நேரமா இருந்த பயிற்சியை 2022-லதான் 1,000 மணி நேரமாக் குறைச்சாங்க. லைசென்ஸ் இல்லாம வேலை பார்த்தா அபராதம்.

நம்ம ஊர்ல அப்படி இல்லை. கடைக்கு மாநகராட்சி, நகராட்சியில தொழில் உரிமம் வாங்கணும். ஆனா, கடைக்குள்ள சீப்பு பிடிக்கிற ஆளுக்குன்னு தனி லைசென்ஸ் கிடையாது. ஐ.டி.ஐ.யில காஸ்மெட்டாலஜி ஒரு வருஷம் படிச்சு, அரசு சான்றிதழ் வாங்கினவங்களும் பார்லர் வைக்கலாம். மூணு நாள் ‘கிராஷ் கோர்ஸ்’ போயிட்டு வந்தவங்களும் வைக்கலாம். போர்டுல ரெண்டு பேரும் ‘பியூட்டீஷியன்’தான்!

அப்போ கஸ்டமர் எதை வெச்சு உங்களை நம்புவாங்க? சுவத்துல தொங்கற சர்டிஃபிகேட்டை யாரும் படிக்கிறதில்லை பாஸ். உங்க கையைப் பார்ப்பாங்க, டவலைப் பார்ப்பாங்க, நீங்க பேசறதைக் கேட்பாங்க. பிடிச்சா அடுத்த மாசமும் வருவாங்க. நம்ம ஊர்ல லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசர், திரும்பி வர்ற அந்த கஸ்டமர்தான்!

நூல்ல இருக்கு மேட்டர்!

கோர்ஸ்ல எல்லாருக்கும் போரடிக்கிற பாடம் த்ரெட்டிங். ‘இதுல என்னங்க வருமானம்?’னு உதட்டைப் பிதுக்குவாங்க. வாங்க, சின்னதா ஒரு கணக்குப் போடுவோம். ரேட் உங்க ஏரியாவுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

புருவத்துக்கு 60 ரூபாய். ஒருத்தங்க மூணு வாரத்துக்கு ஒரு தடவை வர்றாங்கன்னா, வருஷத்துக்கு 17 தடவை. அதாவது 1,020 ரூபாய். இப்படி 100 பேர் உங்களைத் தேடி வந்தா 1,02,000 ரூபாய். ஒரு கல்யாணப் பொண்ணுக்கு 15,000 ரூபாய்னு வெச்சா, இதே தொகைக்கு ஏழு பொண்ணுங்க வேணும். ஏழும் புதுசு. ஏன்னா, போன வருஷப் பொண்ணு இந்த வருஷமும் கல்யாணம் பண்ணிக்க மாட்டாங்க!

த்ரெட்டிங்குக்கு வர்ற அக்கா சும்மா வர்றதில்லை. ஒருநாள் ஃபேஷியல் கேட்பாங்க. இன்னொரு நாள் தங்கச்சியைக் கூட்டிட்டு வருவாங்க. அந்தத் தங்கச்சிக்கு நிச்சயம் ஆனதும் மேக்கப்புக்கு யாரைக் கேட்பாங்கன்னு நினைக்கிறீங்க? பிரைடல் ஆர்டருக்குப் போற வழி, புருவம் வழியாத்தான் போகுது.

முகூர்த்தக் கணக்கு வேற இருக்கு. ஆடி, புரட்டாசி, மார்கழியில நம்ம வீடுகள்ல பெரும்பாலும் கல்யாணம் வைக்க மாட்டாங்க. பிரைடலை மட்டும் நம்பினா அந்த மூணு மாசமும் ஈ ஓட்டணும். த்ரெட்டிங்குக்கும் ஹேர்கட்டுக்கும் ஏது ஆடி? அதே மார்கழியில சென்னை சபாக்கள் எல்லாம் கச்சேரி, நாட்டியம்னு களைகட்டும். பரதநாட்டிய மேக்கப் தெரிஞ்சவங்களுக்கு அது சீசன். அரங்கேற்றம், ஸ்கூல் ஆண்டு விழான்னு டைரியில குறிச்சு வெச்சுக்குங்க.

‘நோ’ சொன்னா கஸ்டமர் ஓடிடுவாங்களா?

புதுசா தொழிலுக்கு வந்தவங்களுக்கு இருக்கிற பெரிய பயம் இது. எது கேட்டாலும் ‘பண்ணிடலாம் மேடம்!’ ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது.

‘நாளைக்கு ஃபங்ஷன், இன்னிக்கே டை அடிச்சு விடும்மா’னு ஒருத்தங்க வந்து நிக்கறாங்க. பெரும்பாலான ஹேர் டைகள்ல பி.பி.டி.ங்கற ரசாயனம் இருக்கு. சிலருக்கு அது அலர்ஜி. முகம் வீங்கி, கண்ணே திறக்க முடியாமப் போகலாம். ஏற்கெனவே பல தடவை அடிச்சவங்களுக்கும் திடீர்னு வரலாம். அதனாலதான் 48 மணி நேரம் முன்னாடியே காதுக்குப் பின்னாடியோ, முழங்கை மடிப்புலயோ கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லுது டை பாக்கெட். அதைப் படிச்சுக் காட்டி, ‘இன்னிக்கு டெஸ்ட் மட்டும் பண்ணிடலாம்க்கா, நாளன்னிக்கு டை போடலாம்’னு சொல்லுங்க. அன்னிக்கு வருமானம் போகும், வாஸ்தவம்தான். ஆனா அந்த அக்கா நாலு பேர்கிட்ட, ‘அந்தப் பொண்ணு காசுக்கு ஆசைப்படலைடி’னு சொல்வாங்க. எந்த போஸ்டரும் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்யும்.

வேக்ஸிங்குக்கு முன்னாடி, ‘பருவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?’னு கேளுங்க. ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடறவங்களுக்கு வேக்ஸ் போட்டா, முடியோட தோலும் சேர்ந்து உரியலாம். கேட்க அஞ்சு செகண்ட். கேட்காம விட்டா அஞ்சு வருஷத்துக்குப் பேர் கெடும்.

அடுத்து, லேபிள் இல்லாத ‘சிவப்பழகு’ கிரீம். டப்பாவுக்கு நல்ல கமிஷன் தர்றேன்னு ஏஜென்ட் வருவார். பேட்ச் நம்பர் கிடையாது, தயாரிச்ச கம்பெனி பேர் கிடையாது. கேரளாவில் மலப்புரம் மாவட்டத்துல இந்த மாதிரி கிரீம் தடவினவங்கள்ல சிலருக்கு சிறுநீரகமே பாதிக்கப்பட்டது 2023-ல பெரிய செய்தியாச்சு. இப்படிப்பட்ட கிரீம்கள்ல பாதரசம் கலக்கறாங்க. அதைத் தடவி வர்ற பளபளப்பு நாலு வாரம், வர்ற வியாதி நாலு வருஷம். வேண்டவே வேண்டாம்!

கடைசியா, ஊசி. வெள்ளையாக ஊசி, சுருக்கம் போக ஊசின்னு வீடியோவைப் பார்த்துட்டு வந்து கேட்பாங்க. ஊசி குத்தறது டாக்டர் வேலை. ‘நல்ல ஸ்கின் டாக்டரைப் பாருங்க’னு அனுப்பி வைக்கறதுதான் கெத்து.

சுத்தம் சோறு போடும்... நிஜமாவே!

ஹெபடைடிஸ் பி வைரஸ், உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைக்கும்கூட உயிரோட இருக்கும். காய்ஞ்சு போன, கண்ணுக்கே தெரியாத ரத்தத்துளி போதும். அதனால ஒருத்தருக்கு ஒரு பிளேடு, கஸ்டமர் கண் முன்னாடியே பிரிங்க. வேக்ஸ் டப்பாவுல ஒரு தடவை தொட்ட குச்சியைத் திரும்ப விடாதீங்க. பெடிக்யூர் கருவிகளை முதல்ல சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவி, அப்புறம் கிருமிநாசினியில ஊற வைங்க. நீல லைட் எரியற யு.வி. பெட்டிக்குள்ள அழுக்கோட வெச்சா, அழுக்கு அழுக்காத்தான் இருக்கும்!

த்ரெட்டிங் நூலைப் பல்லுல கடிக்கிற பழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு. அதே நூலைக் கழுத்துல மாட்டி இழுக்கற முறையும் இருக்கு. கொஞ்ச நாள் பழகினா கை வந்துடும். கழுத்துல நூலை மாட்டின உடனே கஸ்டமர் முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க... அதுதான் விளம்பரம்.

உங்க உடம்பையும் பாருங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்குங்க. டை, பிளீச் தொடும்போது கையுறை கட்டாயம். ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணும்போது ஜன்னலைத் திறந்து வைங்க. சில கிரீம்களைச் சூடுபடுத்தும்போது வர்ற ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்குற வாயு. கஸ்டமர் அதை வருஷத்துக்கு ஒருமுறை சுவாசிப்பாங்க. நீங்க வாரத்துக்கு நாலு தடவை!

வேலைக்குப் போறதா, கடை போடறதா?

அப்பா கொஞ்சம் பணம் தர்றேங்கறார், மாமா இடம் பார்த்துட்டார்னு உடனே ரிப்பன் வெட்டக் கிளம்பிடாதீங்க. இன்னொரு கணக்கு. வாடகை மாசம் 12,000 ரூபாய். வேலை நாள் 26. தினமும் 460 ரூபாய் வாடகைக்கே போகும். நாளைக்கு நாலு கஸ்டமர்தான் வர்றாங்கன்னா, ஒருத்தர் தலைக்கு 115 ரூபாய் வாடகை. 60 ரூபாய் புருவத்துல 115 ரூபாய் வாடகையை எப்படி எடுப்பீங்க? கரன்ட் பில், கிரீம், டவல் எல்லாம் தனி.

அதனால முதல் ரெண்டு வருஷம் நல்ல சலூன்ல வேலை பாருங்க. கை வேகம், விதவிதமான முடி, கோபக்கார கஸ்டமர்... இதெல்லாம் அடுத்தவங்க வாடகையில கத்துக்க வேண்டிய பாடம். ஆனா சேரும்போது மூணு விஷயத்துல உஷாரா இருங்க. ஒண்ணு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துடாதீங்க, ஜெராக்ஸ் போதும். ரெண்டு, ‘இத்தனை வருஷம் வேற எங்கயும் போகக் கூடாது’னு பேப்பர் நீட்டினா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. மூணு, சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டான்னு எழுத்துல கேளுங்க.

இன்னொண்ணு... கடைகள்ல வேலை செய்யறவங்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டம் வந்தாச்சு. நாள் முழுக்க நின்னு கால் நரம்பு சுருட்டிக்கிட்ட சீனியர் அக்காக்களைப் பாருங்க, அந்த ஸ்டூலோட அருமை புரியும். கஸ்டமர் இல்லாத நேரத்துல தைரியமா உட்காருங்க.

கை பழகி, உங்க பேரைச் சொல்லித் தேடி வர்றவங்க சேர்ந்த பிறகு வீட்டு முன் அறையில ஒரு சேர், ஒரு கண்ணாடி. அப்புறம் கடை. முத்ரா திட்டத்துல அடமானம் இல்லாம கடன் கேட்கலாம். 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதுக்கு மேல 5 லட்சம் வரை ‘கிஷோர்’. பேங்க் மேனேஜர் முதல்ல கேட்கிறது வரவு செலவுக் கணக்கைத்தான். முதல் நாள்ல இருந்தே ஒரு நோட்டுப் போடுங்க. யார் வந்தாங்க, என்ன செஞ்சோம், என்ன ஷேடு, எது அலர்ஜி, எவ்வளவு வாங்கினோம். அடுத்த தடவை வரும்போது, ‘போன வாட்டி அந்த பிளீச் எரிஞ்சுதுன்னு சொன்னீங்கள்ல, இன்னிக்கு வேற போடலாம்’னு சொல்லிப் பாருங்க. ஆள் ஃபிளாட்!

இன்ஸ்டாகிராம் வேண்டாமான்னு கேட்டா, தாராளமா வேணும். ஆனா கஸ்டமரைக் கேட்டுட்டுப் படம் போடுங்க. ஃபில்டர் போடாதீங்க. படத்துல ஒரு முகம், நேர்ல ஒரு முகம்னா, மண்டபத்துல வெச்சே மானம் போயிடும்.

வீட்டுல சொன்னா கேட்கணுமே!

‘டிகிரி படிச்சுட்டு அடுத்தவங்க கால் நகத்தை வெட்டப் போறியா?’ இந்த டயலாக் வராத வீடு கம்மி. முடி வெட்டுறதை ஒரு சாதியோட வேலைன்னு ஒதுக்கி வெச்ச ஊர்தானே இது? அதே வேலை ஏ.சி. ரூமுக்குள்ள வந்ததும் ‘ஸ்டைலிஸ்ட்’னு கூப்பிடறோம். வேலை அன்னிக்கும் கௌரவமானதுதான். கேவலமா இருந்தது நம்ம பார்வை.

பாட்டிகிட்ட இதைச் சொன்னா எடுபடாதுன்னா, உதாரணம் காட்டுங்க. ஷானாஸ் ஹுசைன் எழுபதுகள்ல டெல்லியில தன் வீட்டுலயேதான் ஆரம்பிச்சாங்க. 2006-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. நம்ம சென்னையில வீணா குமாரவேல் 2000-த்துல நுங்கம்பாக்கத்துல ஒரே ஒரு கடையா ஆரம்பிச்சதுதான் ‘நேச்சுரல்ஸ்’. இன்னிக்கு ஊர் ஊரா போர்டு தொங்குது.

அவங்க அளவுக்கு எல்லாரும் வளருவோமாங்கறது அப்புறம். இப்போதைக்கு உங்க டார்கெட் ரொம்பச் சின்னது. இந்த மாசம் வந்த பத்துப் பேர்ல எத்தனை பேர் அடுத்த மாசம் திரும்பி வந்தாங்க? நோட்டுல அந்த நம்பரை மட்டும் வட்டம் போட்டு வைங்க. மூணா, அஞ்சா, ஏழா... அது ஏறிக்கிட்டே போனா நீங்க சரியான ரூட்லதான் போறீங்க. இறங்கினா, டவல்ல இருந்து வாய்ப்பேச்சு வரைக்கும் எங்க ஓட்டைன்னு தேடுங்க.

சரி தோழிகளே, நூலை எடுங்க. வாசல்ல யாரோ செருப்பைக் கழட்டற சத்தம் கேட்குது!

(அடுத்த வாரம்: சொந்தமா போட்டோ ஸ்டூடியோ போடப் போறீங்களா?)