கண்ணாடிக்குள் கடல்: கை அளவாக இருக்கட்டும்

டில்லியில் நம்மவர் வீடுகளில் மீன் தொட்டி புதிதல்ல. அண்மைக் காலமாகச் சிலர் தங்க மீனை விட்டு, கடல் மீன், கடல் சாமந்தி, மென்பவளம் என்று வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த உயிர்கள் பிழைப்பது நாம் வாங்கும் மருந்துப் புட்டியைவிட, நாம் போடும் தீனியின் அளவைப் பொறுத்தே இருக்கிறது.

கணக்கு எளிது. மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் அழுகி அம்மோனியா ஆகின்றன. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சாதாரண வடிகட்டியின் வேலை இதோடு முடிந்தது. நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கிச் சேரும், பாசி படரும், பவளம் வாடும். பவளத்திட்டுக் கடல் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூடத் தேறாத இப்பொருள், தீனி மிகுந்த தொட்டியில் 40, 50 என்று ஏறிவிடும். 10க்குள் வைப்பதே நல்லது.

தண்ணீரை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். 100 லிட்டர் தொட்டியில் 20 லிட்டரை மாற்றினால் 40 என்பது 32 ஆகும், அவ்வளவே. அதுவும் புது நீரில் நைட்ரேட் இல்லாதிருந்தால்! நம் நாட்டில் குடிநீருக்கே 45 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு; டில்லியில் பல இடங்களில் நிலத்தடி நீர் அதையும் மீறுகிறது. ஆகவே போர்வெல் நீரில் உப்பைக் கரைத்து ஊற்றுவதில் பயனில்லை. ஆர்.ஓ. நீரே வேண்டும்.

வெளியூரில் வாழும் நமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கோடை விடுமுறை விட்டதும் ஊருக்குப் புறப்படுகிறோம். சாவியும் தீனி டப்பாவும் எதிர் வீட்டில். பாவம், பசிக்குமே என்று அவர்கள் பிடி பிடியாகப் போடுவார்கள். திரும்பி வரும்போது தொட்டி நாறும். நாளுக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்கள் கட்டிக் கொடுத்துவிட்டு, டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

தொட்டியில் சாகும் கடல் மீன் பெரும்பாலும் கடலிலிருந்து பிடித்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. கடினப் பவளங்களையோ 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் சேர்த்துக் காக்கிறது. யாராவது மறைவாகக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்க வேண்டாம்.

வாரந்தோறும் தண்ணீர் மாற்றப் பொழுதில்லாதவர்கள் கடலைக் கடலிலேயே விட்டுவிடுவது நல்லது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இராமேசுவரம் வரை சென்று, மன்னார் வளைகுடாவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே தண்ணீர் மாற்ற ஆள் வேண்டியதில்லை.