பந்தயம் பார்க்கப் போகலாம். பந்தயம் வீட்டுக்கு வரக்கூடாது!

சென்னை நகரத்தின் நடுச்சாலையில் மோட்டார் பந்தயம்! அதுவும் இரவு நேரத்தில், பட்டப்பகலைப் போன்ற விளக்கு வெளிச்சத்தில்!

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதியும் செப்டம்பர் 1-ந் தேதியும் சென்னை மக்கள் இந்தக் காட்சியைக் கண்டார்கள். தீவுத்திடலில் தொடங்கிய பாதை கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சுற்றிக்கொண்டு மறுபடியும் தீவுத்திடலுக்கே வந்தது. ஒரு சுற்றின் நீளம் 3.5 கிலோ மீட்டர். அதில் 19 திருப்பங்கள்.

மற்ற நாட்களில் பஸ்ஸும் ஆட்டோவும் ஊர்ந்து போகும் சாலை அது. அந்தச் சாலையில் 'பார்முலா 4' கார்கள் சீறிப் பாய்ந்தன. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கார். மேலே கூரை கிடையாது. மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. 'இந்தியன் ரேசிங் லீக்' என்ற பந்தயமும் அங்கே நடந்தது. அதில் ஆண்களோடு பெண்களும் கார் ஓட்டினார்கள்.

இந்தச் செய்தி சென்னையோடு நிற்கவில்லை. செல்போன் இருக்கும் ஊரெல்லாம் பரவியது. மதுரைக்குப் பக்கத்தில் உள்ள பரவையிலும், சமயநல்லூரிலும், அலங்காநல்லூரிலும் மோட்டார் என்றால் உயிரை விடும் வாலிபர்கள் இருக்கிறார்கள். இனி எப்போது இப்படி ஒரு பந்தயம் அறிவிக்கப்பட்டாலும், "அப்பா, நானும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழும்.

போகலாமா, கூடாதா?

போகலாம் என்பதே நமது பதில். ஆனால், அங்கே எதைப் பார்க்க வேண்டும், திரும்பி வரும்போது எதைக் கொண்டு வர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பரவையிலிருந்து எழும்பூருக்கு

பரவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 460 கிலோ மீட்டர். டவுன் பஸ் பிடித்து மதுரை ஜங்ஷனுக்கு வந்தால், இரவில் 'பாண்டியன் எக்ஸ்பிரஸ்' இருக்கிறது. விடிவதற்குள் எழும்பூரில் இறக்கி விடும். பகலில் போக விரும்பினால் 'வைகை எக்ஸ்பிரஸ்'. 1977-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கிய ரெயில் இது. எழும்பூரிலிருந்து தீவுத்திடல் அதிக தூரமில்லை.

ஒரு வேடிக்கையான பொருத்தம். சென்னையில் பந்தயம் தொடங்கிய அதே ஆகஸ்டு 31-ந் தேதிதான், மதுரை வழியாகச் செல்லும் சென்னை-நாகர்கோவில் 'வந்தே பாரத்' ரெயிலும், மதுரை-பெங்களூர் 'வந்தே பாரத்' ரெயிலும் தொடங்கி வைக்கப்பட்டன. வேகத்துக்கு அன்று நல்ல நாள் போலும்!

மோட்டார் சைக்கிளிலேயே சென்னைக்குப் போய் வந்துவிடலாம் என்று சில வாலிபர்கள் நினைப்பார்கள். வேண்டாம். இரவெல்லாம் வண்டி ஓட்டி, பகலெல்லாம் வெயிலில் காத்திருந்து, பந்தயம் முடிந்ததும் தூக்கக் கண்ணோடு நாற்கரச் சாலையில் திரும்புவது ஆபத்து. ரெயிலில் போனால் போகும் வழியெல்லாம் நண்பர்களோடு பந்தயக் கதை பேசலாம். வரும் வழியில் நிம்மதியாகத் தூங்கலாம்.

காத்திருந்த ரசிகர்கள்

இந்தப் பந்தயத்துக்காக ரசிகர்கள் காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. முதலில் 2023-ம் ஆண்டு டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்தது. அதற்குள் 'மிச்சாங்' புயல் வந்தது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. ஜனங்கள் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக் கொண்டிருக்கும்போது பந்தயம் நடத்த முடியுமா? தள்ளி வைத்தார்கள்.

பிறகு ஐகோர்ட்டில் வழக்கு. பந்தயப் பாதைக்கு அருகே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கார்களின் சத்தம் நோயாளிகளை வாட்டாதா, மூடப்படும் சாலைகளால் பொதுமக்கள் சிரமப்பட மாட்டார்களா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். ஐகோர்ட்டு நிபந்தனைகள் விதித்து அனுமதி கொடுத்தது.

கடைசியில் நாளும் வந்தது. ஆனால் அன்றும் சோதனை! ஆகஸ்டு 31-ந் தேதி பிற்பகலில் தொடங்க வேண்டிய ஓட்டம் தொடங்கவில்லை. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் சான்றிதழ் வரவில்லை. பாதை பத்திரமாக இருக்கிறது என்று அந்த அமைப்பு சொன்னால்தான் கார் நகர முடியும். மந்திரி வந்தாலும் சரி, கூட்டம் கைதட்டி அழைத்தாலும் சரி, சான்றிதழ் இல்லாமல் ஒரு சக்கரம்கூட உருளக்கூடாது.

சான்றிதழ் கிடைத்து, இரவில்தான் கார்கள் பாதையில் இறங்கின. பந்தயங்கள் மறுநாள் நடந்தன.

அன்று காத்திருந்தவர்கள் சலித்துக் கொண்டிருப்பார்கள். ஆனால், அந்தப் பந்தயத்தின் முதல் பாடம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது!

நமக்குப் புதிதல்ல

தெருப் பந்தயம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மதுரைச் சீமைக்கு அது பழைய சொத்து. கோவில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் இல்லாமலா? பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாக நடக்கும். சாலையின் இரு பக்கமும் ஊரே திரண்டு நிற்கும்.

ஜல்லிக்கட்டும் அப்படித்தான். முன்காலத்தில் கட்டுப்பாடு குறைவு. இன்று மாட்டுக்கும் மருத்துவ பரிசோதனை, வீரருக்கும் மருத்துவ பரிசோதனை. வேடிக்கை பார்ப்பவருக்கும் மாட்டுக்கும் நடுவே இரட்டைத் தடுப்பு வேலி. விளையாட்டின் வீரம் இதனால் குறைந்துவிட்டதா? இல்லை. உயிர்கள்தான் பிழைக்கின்றன.

மோட்டார் பந்தயத்திலும் தமிழ்நாடு முன்னோடி. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. அதைப் பார்க்க அந்தக் காலத்திலேயே கூட்டம் அலைமோதியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், சாதாரண 'மாருதி 800' காரின் எஞ்சினை வைத்தே பந்தயக் கார் செய்து இளைஞர்களுக்கு வழிகாட்டினார். அதே கோவையின் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005-ம் ஆண்டில் 'பார்முலா 1' பந்தயத்தில் கார் ஓட்டினார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 2010-ல் சென்னை கருண் சந்தோக்கும் அந்தப் பந்தயத்துக்குப் போனார்.

ஆகவே, பரவை வாலிபனுக்குப் பந்தயத்தின் மேல் ஆசை வந்தால் அதில் தவறு ஏதுமில்லை.

எத்தனை காவல்!

பந்தயத்துக்குப் போகிறவர்கள் காரை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. காரைச் சுற்றியிருக்கும் காவலையும் பார்க்க வேண்டும்.

பாதையின் இரு பக்கமும் கனத்த தடுப்புச் சுவர். அதற்கு மேல் உயரமான கம்பி வலை. ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட். அதன் பட்டை இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். உடம்பில் சீக்கிரம் தீப்பிடிக்காத உடை. தோளிலும் இடுப்பிலும் பட்டைகள். தலைக்கு முன்னால், உறுதியான உலோகத்தால் செய்த வளையம்.

ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். மஞ்சள் கொடி காட்டினால் முன்னே ஆபத்து; வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக்கூடாது. சிவப்புக் கொடி காட்டினால் பந்தயமே நின்றுவிடும். நீலக் கொடி காட்டினால் பின்னால் வரும் வேகமான காருக்கு வழிவிட வேண்டும். கொடியை மதிக்காதவருக்குத் தண்டனை உண்டு. டாக்டரும் ஆம்புலன்சும் தயாராக இருப்பார்கள்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். உலகத்திலேயே வேகமாக ஓட்டும் பந்தய வீரருக்கும் வேகக் கட்டுப்பாடு உண்டு! சக்கரம் மாற்ற ஒதுக்கியிருக்கும் சந்துக்குள் வந்துவிட்டால், 'பார்முலா 1' பந்தயத்தில் பொதுவாக 80 கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இடம் குறுகலான ஊர்களில் 60 கிலோ மீட்டர்தான். காரணம், அங்கே மனிதர்கள் நடமாடுகிறார்கள். மனிதர் நடமாடும் இடத்தில் சாம்பியனும் நிதானமாகத்தான் போக வேண்டும்.

உயிர் கொடுத்துக் கற்ற பாடம்

இந்தக் காவல் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1955-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் 'லெ மான்' பந்தயத்தில் ஒரு கார் பறந்து மோதிச் சிதறி, அதன் பாகங்கள் கூட்டத்தின் மேல் விழுந்தன. வேடிக்கை பார்க்க வந்த 80-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள்.

தமிழர்கள் ஏராளமாக வாழும் சிங்கப்பூரிலும் 1961 முதல் பொதுச் சாலையில் பந்தயம் நடந்தது. விபத்துக்களும் போக்குவரத்து இடைஞ்சலும் பெருகியதால் 1973-ம் ஆண்டோடு அதை நிறுத்திவிட்டார்கள். 35 ஆண்டுகள் கழித்து, 2008-ல்தான் மறுபடியும் தொடங்கினார்கள். தக்க தடுப்புகளோடும் விளக்குகளோடும் நடந்த அந்தப் பந்தயம்தான், 'பார்முலா 1' வரலாற்றில் முதல் இரவுப் பந்தயம்.

2020-ம் ஆண்டு நவம்பரில் பஹ்ரைன் நாட்டில் ரொமான் குரோஜான் என்ற வீரரின் கார் தடுப்பில் மோதி, இரண்டாகப் பிளந்து, தீப்பந்தாக மாறியது. பார்த்தவர்கள் அவர் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். அரை நிமிடம் போவதற்குள் அவர் நெருப்பிலிருந்து எழுந்து வெளியே வந்தார்! கையில் தீக்காயம், உயிர் தப்பியது. தலைக்கு முன்னால் இருந்த வளையமும், தீயைத் தாங்கும் உடையும், ஓடி வந்த டாக்டரும்தான் அவரைக் காப்பாற்றினார்கள்.

இத்தனை காவல் இருந்தும் சாவு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2023-ம் ஆண்டு ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் மூத்த வீரர் கே.ஈ.குமார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

காவல் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், காவல் இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

திரும்பி வரும் சாலை

பந்தயம் முடிந்தது. ரெயில் மதுரைக்கு வந்தது. வாலிபன் வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கிறான். காதில் இன்னும் அந்தக் காரின் உறுமல். கை தானாக முறுக்குகிறது!

இங்கேதான் ஆபத்து.

பரவை வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையில் தடுப்புச் சுவர் எங்கே? கொடி காட்டும் ஆள் எங்கே? காய்கறி மார்க்கெட்டுக்கு லாரிகள் வருகின்றன. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆடு குறுக்கே ஓடுகிறது. எதிரே விளக்கில்லாத சைக்கிள் வருகிறது. பந்தயப் பாதையில் எதிரே வண்டி வராது. நம் சாலையில் வரும்!

மத்திய சர்க்காரின் கணக்கைப் பாருங்கள். 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அதாவது, நம் மாநிலத்தில் நாள் ஒன்றுக்கு 49 பேர்! அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துக்கள் நடந்த மாநிலமும் தமிழ்நாடுதான். இந்தியாவில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

'வீலிங்' செய்து, செல்போனில் படம் பிடித்து, நாலு பேரின் பாராட்டைப் பெறுவதற்காக உயிரைப் பணயம் வைப்பது வீரமல்ல. உண்மையான பந்தய வீரர் ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட மாட்டார். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். குடித்துவிட்டு ஓட்ட மாட்டார். அவருடைய ரசிகன் என்று சொல்லிக்கொள்பவன் இவற்றில் ஒன்றையாவது பின்பற்ற வேண்டாமா?

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளை கேட்டான் என்று 18 வயது ஆகுமுன் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் விபத்து செய்தால் சட்டம் உங்களையும் கேட்கும். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி பெற்றோருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். இதையெல்லாம்விடப் பெரிது, பிள்ளையின் உயிர்.

பந்தயம் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். சிறு குழந்தைகளின் காதுக்குப் பஞ்சு வையுங்கள், சத்தம் அதிகம். தடுப்பு வலைக்கு அருகே போக விடாதீர்கள். பெண் குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். அங்கே கார் ஓட்டும் பெண்களை அவர்கள் பார்க்கட்டும்.

சர்க்காருக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் பெயர்பெற்ற ஓடுதளங்களான இருங்காட்டுக்கோட்டையும், கோவை செட்டிப்பாளையமும் மதுரைக்குத் தூரம். வேகத்தின் மேல் ஆசை கொண்ட தென்மாவட்ட வாலிபருக்குப் பொதுச் சாலையை விட்டால் வேறு இடமில்லை. தடுப்பும் டாக்டரும் உள்ள ஒரு சிறிய பயிற்சித் தளம் மதுரைப் பக்கம் அமைந்தால், பல இளைஞர்கள் வீரர்களாவார்கள். பல தாய்மார்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

தம்பி, பந்தயம் பார்க்கப் போ. ஆசை தீரப் பார். கைதட்டு. ஆனால் அந்த வேகத்தைத் தீவுத்திடலிலேயே விட்டுவிட்டு வா. அங்கே நீ பார்த்த ஹெல்மெட்டையும் நிதானத்தையும் ஊருக்குக் கொண்டு வா. பந்தயத்தில் முதலில் வருகிறவருக்குக் கோப்பை. நம் சாலையில் பத்திரமாக வீட்டுக்கு வருகிறவனே வெற்றி வீரன்!