ஆனைக் கணக்கை ஆர் வாசிக்கிறது?

"மறுமலர்ச்சிக்காலமோ? அது வெள்ளைக்காரன்ர கதையெல்லோ. அதைப் படிச்சு முள்ளியவளையில என்ன செய்யப் போறியள்?"

பட்டப்பின் படிப்புக்கு 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரையான காலத்தை எடுக்கப் போகிறோம் என்றதும் வந்த பதில் இது. சொன்னவர் படித்த மனிசன். சப்பாத்தைக் கழற்றி வைத்து, கதிரையில் இருந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டபடிதான் சொன்னார். சப்பாத்து, கதிரை, பாண் மூன்றுமே போர்த்துக்கேயச் சொற்கள். நாங்கள் வாயைத் திறக்கேல்ல, பெரியவர் பாருங்கோ.

உயர்தரத்தில் லியனார்டோ டாவின்சியைப் பாடமாக்கினோம். அதே நூற்றாண்டில், 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானதை அந்தப் பாடத்தோடு ஆரும் சேர்த்துச் சொல்லேல்ல. அதனால்தான் அந்தக் காலம் இன்னும் வேறு ஆற்றையோ காலமாகத் தெரியுது.

வன்னியையே எடுங்கோ. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் போனபின், வன்னிமைகள் அவர்களுக்கு யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒழுங்காகக் கொடுத்தார்களா? எங்க! நிலுவைக்கு மேல் நிலுவை. வன்னியர்கள் சாட்டுச் சொல்லி இழுத்தடித்தார்கள், கொம்பனிக்காரர் கடுப்பாகிக் கடிதம் எழுதினார்கள். 1782இல் படை அனுப்பித்தான் வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவர முடிந்தது. அதன்பின் இங்கே நிர்வாகம் பார்த்த தோமஸ் நாகெல் 1793இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதினார். ஒல்லாந்து மொழியில்தான். எங்கட காடும் குளமும் ஆனையும் அந்தப் பாஷைக்குள்ள கிடக்கு.

இதை ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்து மூலங்களை வாசித்து, 1966இல் வட இலங்கை வன்னியர் பற்றிக் கட்டுரை எழுதினார். அதுக்குப் பிறகு அந்தத் தாள்களைத் தாங்களே வாசித்த தமிழ் மாணவர்களை விரல் விட்டு எண்ணலாமோ? எங்கட வகுப்பில ஒருத்தரும் இல்லை, நாங்களும் உட்பட.

ஆனா பண்டாரவன்னியனுக்கு மாலை போடுவோம். 1803 ஓகஸ்ற் 25இல் முல்லைத்தீவுக் கோட்டை விழுந்ததை மேடையில் முழங்குவோம். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் நடந்ததைச் சொல்லிக் கண் கலங்குவோம். இந்தத் திகதிகளைக் குறித்து வைத்தது தோற்கடித்த பக்கம். அவன் எழுதினதை வாசிக்காமல் அவனோட எப்பிடி வாதாடுறது?

வன்னியில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எழும்பியிருக்கு, சந்தோசம். கிளிநொச்சியில் பொறியியல், விவசாயம், தொழினுட்பம். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா தொடங்கியது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகளோடு. கலைப்பீடம் மட்டும் இல்லை. வன்னிப் பிள்ளைக்குத் தன் வரலாறு தேவையில்லை என்று ஆரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டினமாதிரித்தான் இருக்கு.

'வேலை கிடைக்குமோ?' என்று கேட்கிற அம்மாமாரோடு எங்களுக்குச் சண்டையில்லை. 2009இல் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சண்டை, 'தமிழ்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்று படித்தவர்கள் பூட்டுகிற கதவோடு. நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை: வடக்கில் வரலாறு படிக்கிற மாணவருக்குப் பழைய ஒல்லாந்துக் கையெழுத்தை வாசிக்கப் பழக்கும் ஒரு பாடநெறி. பேசப் பழக்க வேண்டாம், வாசிக்கத் தெரிந்தால் போதும். மூலத்தாள்கள் கொழும்புச் சுவடிக்கூடத்தில் இருக்கு. ஹேக் நகரச் சுவடிக்கூடமோ தன்னிடமுள்ள கொம்பனித் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக விட்டிருக்கு. போனிலேயே திறக்கலாம்.

திறந்தும் பார்த்தோம். நாலு பேர், ஒரு பக்கம், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. கோழி கிளறின எழுத்து. பின்னேரம் ஒரு சொல் பிடிபட்டது: 'ஒலிஃபன்ற்'. ஆனை. அடுத்த வரியில இன்னும் நிக்கிறம்.